இன்னோவா டீசல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா? மீட்டரில் ஃபில்டர் விளக்கு எரிகிறது

செங்கோட்டை_வண்டி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் 2013 இன்னோவா இருக்கிறது. 2.5 டீசல், கைமாறி வாங்கியது. சாரல் பிடித்ததிலிருந்து வண்டி அதிகம் ஓடவில்லை, கால் டாங்க் டீசலோடு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. போன வாரம் அம்மாவைப் புனலூருக்கு அழைத்துப் போகும்போது புளியரை எஸ் வளைவில் இழுவை சுத்தமாக இல்லை. எப்போதும் மூன்றாவது கியரில் ஏறும் இடத்தில் இரண்டில் போட்டும் திணறியது. சமதளத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. திரும்பி வரும்போது மீட்டரில் ஃபில்டர் படம் போட்ட விளக்கு எரிந்தது, இன்னும் அணையவில்லை.

பக்கத்தில் ஒரு பட்டறையில் கேட்டேன். ஃபில்டர் மாற்றி, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் எல்லாம் நானே மாற்றுகிறவன்தான். டீசல் ஃபில்டர் மட்டும் தொட்டதில்லை. டீசல் குழாயில் ஏர் பிடித்து வண்டி அப்படியே நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தெருவில் ஒரு பெரியவர், "இன்ஜெக்டர் நட்டைக் கொஞ்சம் லூஸ் செய்து செல்ஃப் அடி, ஏர் போய்விடும்" என்கிறார். செய்யலாமா?

நாமக்கல்_பம்ப்_நாசில்:

தம்பி, முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில். இன்ஜெக்டர் நட்டைத் தொடவே தொடாதீர்கள். பெரியவர் சொல்வது பழைய லாரி எஞ்சினுக்குச் சரி, அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஏர் எடுத்தோம். உங்கள் வண்டி காமன் ரெயில், அதாவது ஒரே குழாயில் அழுத்தி வைத்த டீசலை எல்லா இன்ஜெக்டருக்கும் பிரித்து விடும் வகை. அந்தக் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் போகிறது. லூஸான நட்டிலிருந்து மயிரிழை போலப் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகும். அப்படி யாருக்காவது நடந்தால் சின்னக் காயம்தானே என்று விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், "டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதை எங்கள் பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

சரி, ஃபில்டர் வேலைக்கு வருவோம். தாராளமாக வீட்டில் செய்யலாம். உங்கள் 2கேடி எஞ்சினில் (இந்த 2.5 டீசலுக்கு டொயோட்டா வைத்த பெயர்) ஃபில்டர் பானெட்டுக்குள்ளேயே இருக்கிறது. தலையில் கையால் அமுக்கும் பம்ப், அடியில் ஒயர் இணைத்த சென்சார், நடுவில் திருகிக் கழற்றும் டப்பா. அந்தக் கைப்பம்ப் இருக்கும்வரை ஏர் பற்றிப் பயமே வேண்டாம்.

அதற்கு முன்னால் விளக்கைப் பற்றி. ஃபில்டர் அடைத்தது என்று அது சொல்லவில்லை, அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்கிறது. சென்சாருக்குள் ஒரு சின்ன மிதவை இருக்கிறது. டீசலில் மூழ்கும், தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் ஏற ஏற மிதவை மேலே வந்து விளக்கை எரிய வைக்கிறது. டாங்க் பாதிக்கு மேல் காலியாக இருந்து, சாரல் காற்றில் வண்டி நாள்கணக்கில் நின்றால், காற்றில் இருக்கும் ஈரம் டாங்கின் உள்சுவரில் வியர்த்து டீசலோடு சேரும். எங்கேயாவது கேனில் டீசல் வாங்கி ஊற்றியிருந்தால் அதிலும் வந்திருக்கலாம்.

எஞ்சின் ஆறியபின், அடியில் இருக்கும் டிரெயின் திருகைக் கையால் கொஞ்சம் தளர்த்துங்கள். அதற்கு நேர் கீழே ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டில் வையுங்கள், பிளாஸ்டிக் கப் வேண்டாம், உள்ளே என்ன வருகிறது என்று தெரிய வேண்டும். மேலே கைப்பம்பை அமுக்குங்கள். வருவதை முழுக்கப் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயும் பிரிந்து நிற்கும். அந்த பாட்டிலை நன்றாகப் பாருங்கள் தம்பி. பட்டறைக்காரர் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வது நியாயமா இல்லையா என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் என்றால் மழைக்கால ஈரம்தான், பெரிய விஷயமில்லை. செம்மண் நிறத்தில் தூள் படிந்தால் டாங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கறுப்பாக, கொழகொழவென்று சளி மாதிரி மிதந்தால் டாங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது. தண்ணீர் நாள்பட நின்ற டாங்கில்தான் அது வரும். அப்போது ஃபில்டர் மாற்றினாலும் சீக்கிரமே மறுபடி அடைக்கும், டாங்கைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

ஃபில்டரைக் கழற்றும் முன் சுற்றிலும் இருக்கும் மண்ணையும் தூசியையும் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்துவிடுங்கள். இந்த வேலையில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். என் மேசைக்கு வரும் இன்ஜெக்டர்களில் பலவற்றின் ஊசி மண்ணால் கீறி வருகிறது. ஃபில்டரின் வேலை ஒரு சில மைக்ரான் துகளைக்கூட நிறுத்துவது. ஃபில்டர் மாற்றும்போது வாய்ப்பக்கத்தில் விழும் ஒரு துளி மண் அந்தக் காவலைத் தாண்டி நேராக, இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளும் ஹைபிரஷர் பம்புக்குப் போகும். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். நூல் விடாத பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது.

கீழே ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, ரப்பர் ஹோஸ், பெல்ட் மேல் டீசல் சிந்தாமல் மூடிக்கொள்ளுங்கள். டீசல் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். சென்சார் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, பெல்ட் ஸ்பேனரால் டப்பாவைத் திருகிக் கழற்றுங்கள். பழைய வாஷர் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது தெரியாமல் புதியதை மேலே ஏற்றினால் இரண்டு வாஷர் ஆகி ஏர் இழுக்கும்.

அடுத்தது சென்சார். புது ஃபில்டரோடு சென்சார் வராது, பழையதின் அடியிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் உடம்பு, வருஷக்கணக்கில் இறுகியிருக்கும். சென்சாரைப் பிடித்து முறுக்காதீர்கள். பழைய டப்பாவை வைஸில் பிடித்துக்கொண்டு (அது நசுங்கினால் பரவாயில்லை, எப்படியும் தூக்கிப் போடப் போகிறது) சென்சாரின் அகலமான விளிம்பில் பொருந்தும் ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். மிதவையில் படிந்த கசடைச் சுத்தமான டீசலில் அலசி, மேலும் கீழும் தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். ஓ-ரிங் புதிது போடுங்கள், ஃபில்டர் பெட்டியிலேயே இருக்கும். இல்லையென்றால் அளவு பார்த்து டீசல் தாங்கும் ரப்பரில் வாங்குங்கள்.

புது ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள். நடு ஓட்டை சுத்தமான டீசல் வெளியேறும் வழி, அதில் கேனிலிருந்து ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போகும். எதுவும் ஊற்ற வேண்டாம். வாஷரில் டீசல் தடவி, கையால் திருகி, வாஷர் தொட்டபின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் முக்கால் சுற்று இருக்கும். பிறகு கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் தொளதொளவென்று போகும், டீசல் நிரம்ப நிரம்ப இறுகும். கை வலிக்கும், நடுவில் நிறுத்தி மறுபடி அமுக்குங்கள். அமுக்கவே முடியாமல் கல் மாதிரி ஆனபின்தான் சாவி போட வேண்டும். அவசரப்பட்டு செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் டீசல் இல்லாமல் ஹைபிரஷர் பம்ப் சுற்றும். அந்தப் பம்புக்கு ஆயில் என்று தனியாக ஒன்றும் கிடையாது, டீசல்தான் வழவழப்பு. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் போட வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் டாங்கிலிருந்து ஃபில்டர் வரை டீசலைத் தள்ளுவதில்லை, எஞ்சின் பக்கத்துப் பம்ப் உறிஞ்சுகிறது. ஓட்டை விழுந்த குழலில் இளநீர் குடிப்பது போலத்தான், எங்கேயாவது ஓ-ரிங் சரியாக உட்காராவிட்டால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, உள்ளே காற்று போகும். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அப்படி வந்தால் முதலில் சென்சார் ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

மலையேற்றத்தில் மட்டும் இழுவை போவது அடைத்த ஃபில்டரின் குணம். பளு ஏறும்போது டீசல் அதிகம் வேண்டும், கிடைக்காது. ஃபில்டர் மாற்றியபின் இழுவை திரும்பிவிட்டால் இன்ஜெக்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

யாழ்_கேடிஎச்:

அண்ணை சொன்னது நூறு வீதம் சரி. எங்கட கேடிஎச் வானிலும் (டொயோட்டா ஹையேஸ்) இதே 2கேடி எஞ்சின்தான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், வரிசையில் நின்று வாங்கிய டீசலை எல்லாரும் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்து வைத்தார்கள். அந்த டீசலை ஊற்றின பிறகு ஃபில்டர் அடிக்கடி அடைத்தது. இப்பவும் கலனில் இருந்து ஊற்ற வேண்டி வந்தால் ஒரு இரவு அசையாமல் வைத்து, அடியில் இருக்கிற கொஞ்சத்தை விட்டுவிட்டு மேலே இருக்கிறதை மட்டும்தான் ஊற்றுவன். தம்பிக்கு ஒரு விசயம்: ஃபில்டரைக் கடையில் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதேங்கோ. போலிகள் நிறைய. பெட்டி அசல் மாதிரியே இருக்கும், உள்ளே காகித மடிப்பு பாதிகூட இராது. கம்பனி உதிரிப்பாகக் கடையில் பற்றுச்சீட்டோடு வாங்குங்கோ.

வேளச்சேரி_ஐ10:

இதே கேள்வி பெட்ரோல் வண்டிக்கு. 2023 மிக்ஜாம் மழையில் என் ஐ10 தண்ணீரில் நின்றது. அதன் பிறகு சில சமயம் ஓடும்போது வெட்டுகிறது. நானே ஃபில்டர் மாற்றலாமா அண்ணா?

நாமக்கல்_பம்ப்_நாசில்:

வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் ஃபில்டர் டாங்குக்குள் பம்போடு சேர்ந்து இருக்கிறது. பின் சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, டாங்கைத் திறக்க வேண்டும். டீசலுக்கு நான் தைரியம் சொல்வதற்குக் காரணம் அது சாதாரணச் சூட்டில் சட்டென்று பற்றாது. பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். மூடிய கார் ஷெட்டில், சீட்டுக்குக் கீழே டாங்க் திறந்திருக்க, பம்ப் பிளக்கைக் கழற்றும்போது ஒரு பொறி போதும். பைப்பிலும் அழுத்தம் நிற்கும், அதை இறக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள், டாங்கின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். வெட்டுவது வெள்ளம் புகுந்த ஒயர் இணைப்பாலும் இருக்கலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

செங்கோட்டை_வண்டி:

அண்ணா, மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னபடி பாட்டிலில் பிடித்தேன், அடியில் இரண்டு விரல் அளவு தெளிந்த தண்ணீர், கூடவே கொஞ்சம் செந்தூள். சளி எதுவும் இல்லை. சென்சார் கழற்றத்தான் நேரம் எடுத்தது, மாமா பட்டறையிலிருந்து வைஸ் வாங்கி வந்தோம். கைப்பம்ப் கல்லாக இறுகியபின் சாவி போட்டேன், உடனே பிடித்தது. எஸ் வளைவில் பழையபடி மூன்றாவது கியரில் ஏறியது, அம்மாவும் கூட இருந்தார்கள். மனசார நன்றி அண்ணா.

ஒரே கவலை, விளக்கு அணைந்திருந்தது, நேற்று கரடுமுரடான ரோட்டில் போய் வந்தபின் மறுபடி மின்னிவிட்டுப் போனது.

நாமக்கல்_பம்ப்_நாசில்:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. குலுங்கும்போது மின்னினால் டாங்கின் அடியில் மிச்சம் இருந்த தண்ணீர் கலங்கி வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு தடவை பாட்டிலில் பிடியுங்கள். இரண்டு மூன்று முறை வடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் டாங்க் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், மழை நீர் அந்த வழியாகவும் இறங்கும். தண்ணீரே வராமல் விளக்கு மட்டும் மின்னினால் சென்சார் பிளக்கில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து மாட்டுங்கள்.

செந்தூள் இருந்தது என்கிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். டீசல் கீழே இறங்கியிருக்கும் ஒரு நாளில் டாங்கை இறக்கிக் கழுவி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அதுவரை சாரல் முடியும் மட்டும் டாங்கைப் பாதிக்குக் கீழே போக விடாமல் ஓட்டுங்கள். வடித்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.