குவில்ட் டிசைன் பரிமாற்றம்: ஆளுக்கு ஒரு அளவில் வரும் பிளாக்குகள், உதவி தேவை

பெரம்பூர் ஊசிநூல்:
வணக்கம். சென்னையில் நாங்கள் ஆறு பேர். அம்பத்தூர், திருவான்மியூர், குரோம்பேட்டை என்று ஆளுக்கு ஒரு மூலை. நேரில் கூடுவது கஷ்டம் என்பதால் ஆன்லைனிலேயே குவில்ட் டிசைன் பரிமாற்றம் தொடங்கினோம். குவில்ட் என்றால் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, பிளாக் என்பது அதன் ஒரு சதுரப் பாகம். மாதம் ஒருவர் ஒரு பிளாக் டிசைன் வரைந்து கூகுள் ஸ்லைட்ஸில் போடுவார். ஆறு பேரும் அதைப் பிரிண்ட் எடுத்து, அவரவர் வீட்டுத் துணியில் ஆளுக்கு இரண்டு பிளாக் தைத்து அந்த மாதக்காரருக்கே கூரியரில் அனுப்ப வேண்டும். 12 இஞ்ச் பிளாக் 12 சேர்ந்தால் 36-க்கு 48, ஒரு குழந்தைப் போர்வை வந்துவிடும்.

முதல் மாத பிளாக்குகள் வந்திருக்கின்றன. நான்குக்கு நான்காகப் பதினாறு துண்டு வைத்த டிசைன். சுற்றிலும் தையல் மார்ஜினோடு 12½ இஞ்ச் இருக்க வேண்டும். இருவருடையது சரியாக 12½. மூவருடையது 12⅛ பக்கம். ஒருவருடையது 11¾. எல்லோரும் கவனமாகத்தான் தைத்திருக்கிறார்கள், முனைகள் அழகாகக் கூடுகின்றன. யாரையும் பிரித்துத் தைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொரு சிக்கல். நடுவில் யாரோ ஃபைலில் முக்கோணங்களின் திசையை மாற்றிவிட்டார்கள். பாதிப் பேர் பழையதைத் தைத்திருக்கிறார்கள், பாதிப் பேர் புதியதை. அடுத்த மாதத்துக்குள் ஒரு வழி வேண்டும்.

அளவுகோல்:
முதலில் ஒன்று சொல்லுங்கள். 12⅛ வந்தவர்களும் 11¾ வந்தவரும் எங்கே பிரிண்ட் எடுத்தார்கள்? பேட்டர்ன் தாளையே ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பிளாக்கை அளந்து காரணம் கண்டுபிடிக்க முடியாது, தாளை அளந்தால் உடனே தெரியும்.

பெரம்பூர் ஊசிநூல்:
கேட்டேன். 12⅛ வந்த மூவரும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்தது. மற்றவர்கள் வீட்டு பிரிண்டர். பிளாக்கைக் கால் கால் பாகமாகப் பிரித்து நான்கு தாளில் போட்டிருந்தோம். மார்ஜினோடு 6½ இஞ்ச் இருக்க வேண்டிய கால் பாகம், கடைத் தாளில் 6.3 இஞ்ச் பக்கம்தான் இருக்கிறது. 11¾ வந்தவரின் தாள் சரியான அளவு.

அளவுகோல்:
அப்படியானால் இரண்டும் வேறு வேறு கோளாறு.

கடைத் தாளில் நடந்தது இது. உங்கள் ஃபைலின் பக்கம் லெட்டர் அளவில் இருந்திருக்கும், அதாவது அகலம் 8½ இஞ்ச். நம் ஊரில் தாள் ஏ4, அகலம் 210 மில்லிமீட்டர், 8½ இஞ்சை விடக் கொஞ்சம் குறைவு. கடைக் கம்ப்யூட்டரில் ‘ஃபிட்’, அதாவது பக்கத்தைத் தாளுக்குள் அடக்கும் செட்டிங், போட்டிருந்தால் படம் முழுவதையும் சுமார் 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிடும். தாள் ஒன்றுக்கு மூன்று சதவீதம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. பிளாக்கில் அதுதான் ⅜ இஞ்சாக வந்து நிற்கிறது.

ஃபைலின் பக்கத்தை ஏ4-ஆக மாற்றுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஓர் ஓரத்தில் 1 இஞ்ச் சதுரம் வரைந்து வையுங்கள். கடையில் ‘ஆக்சுவல் சைஸ், நூறு பர்சென்ட்’ என்று வாய்விட்டுச் சொல்லி, கல்லாவை விட்டு நகரும் முன் அந்தச் சதுரத்தை அளந்து பாருங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எத்தனை இஞ்ச் என்ற கணக்கும் போய்விடும். பி.டி.எஃப். ஆக்கி டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

குரோம்பேட்டை டெய்லர் அக்கா:
அந்த 11¾ எனக்குப் புரிகிறது. அவர் பிளவுஸ் தைத்துப் பழகியவராக இருப்பார். நாங்கள் துணி தாராளமாக விட்டுத்தான் தைப்போம். குவில்ட்டில் கால் இஞ்ச்தான். பதினாறு துண்டு பிளாக்கில் ஒரு வரிசைக்கு மூன்று தையல். ஒவ்வொரு தையலிலும் கால் இஞ்சுக்குப் பதில் ⅜ பிடித்தால், இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து கால் இஞ்ச் கூடுதலாகப் போகும். மூன்று தையலுக்கு முக்கால் இஞ்ச். 12½-இல் முக்கால் போனால் சரியாக 11¾.

அவரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள் கண்ணு. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, அயர்ன் செய்து, நடுப் பட்டையை அளக்க வேண்டும். சரியாக 1 இஞ்ச் இருந்தால் தையல் மார்ஜின் சரி. குறைந்தால், ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மெஷின் பிளேட்டில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும்படி தைக்கட்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் அகலம் மெஷினுக்கு மெஷின் மாறும், அதை நம்பி ஓட்டக் கூடாது. ஆறு பேரும் இந்தச் சோதனையைச் செய்தால் நல்லது. அளக்கத் துணி டேப் வேண்டாம், நாள்பட அது நீண்டுவிடும். ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள்.

திருவான்மியூர் சதுரம்:
ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் ‘எடிட்’ உரிமை கொடுத்தால் இப்படித்தான் ஆகும். வரைந்தவர் மட்டும் எடிட் செய்யட்டும், மற்றவர்களுக்கு ‘கமென்ட்’ போதும். வெர்ஷன் ஹிஸ்டரி திறந்தால் பழைய வடிவத்தை இப்போதே மீட்கலாம். மாற்ற ஆசைப்படுபவர் ஒரு பிரதி எடுத்துத் தன் மாதத்துக்கு அதை வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் யோசனையிலிருந்து இன்னொரு யோசனை பிறப்பதுதானே பரிமாற்றத்தில் இருக்கும் சந்தோஷம். மூலம் மட்டும் அழியாமல் இருக்க வேண்டும்.

டிசைன் எந்தக் கட்டத்தில் வரையலாம் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். 12 இஞ்ச் என்பது 2, 3, 4, 6 எதிலும் மீதியில்லாமல் வகுபடும். யாராவது ஐந்துக்கு ஐந்தில் வரைந்தால் ஒரு கட்டம் 2.4 இஞ்ச், ஸ்கேலில் வெட்டுவது பெரும்பாடு. ஏழுக்கு ஏழும் அப்படியே, அதற்கு 14 இஞ்ச் பிளாக்தான் தோது.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. டிசைனில் ‘மெரூன்’ என்று எழுதாமல் ‘அடர்த்தி, நடு, வெளிர்’ என்று எழுதுங்கள். ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு மெரூன். துணிகளை அடுக்கி போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் எது அடர்த்தி என்று சந்தேகமின்றித் தெரியும். சுங்குடியோ செட்டிநாட்டுச் சேலையோ, எது கிடைத்தாலும் டிசைன் நிற்கும்.

குரோம்பேட்டை டெய்லர் அக்கா:
சுங்குடி என்றதும் ஞாபகம் வந்தது. வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் நனைத்துக் காயப்போட்டே ஆக வேண்டும். புதுக் காட்டன் சுருங்கும், கைச்சாயம் இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு வெள்ளைத் துண்டோடு ஊறவையுங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால், ஏறாமல் நிற்கும்வரை அலசுங்கள். நிற்கவே இல்லையென்றால் அந்தத் துணி வேண்டாம். ஒருவர் துணியின் சாயம் மற்ற ஐந்து பேர் உழைப்பின் மேல் இறங்கிவிடக் கூடாது.

பெரம்பூர் ஊசிநூல்:
மூவருக்கும் மிக்க நன்றி. ஃபைலை ஏ4-ஆக்கி 1 இஞ்ச் சதுரமும் போட்டுவிட்டேன். மூன்று பட்டைச் சோதனையை அவர் இன்றே செய்தார், நடுப் பட்டை முக்கால் இஞ்ச்தான். அக்கா சொன்னது அப்படியே. ஏற்கெனவே தைத்து வந்த 12 பிளாக்கையும் என்ன செய்வது? பெரியதைச் சின்னதாக வெட்டினால் முனைகள் போய்விடும்.

அளவுகோல்:
எதையும் பிரிக்க வேண்டாம். எல்லா பிளாக்குக்கும், சரியாக வந்தவற்றுக்கும் சேர்த்தே, நான்கு பக்கமும் ஒன்றரை இஞ்ச் பட்டை ஒன்றை ஒரே நிறத்தில் தையுங்கள். சின்ன பிளாக் 13¾ வரும், பெரியது 14½ வரும். பிறகு பிளாக்கை நடுவில் வைத்து எல்லாவற்றையும் 13½-க்கு வெட்டுங்கள். பட்டையின் அகலத்தில் சிறு வித்தியாசம் இருக்கும், சேர்த்துத் தைத்தபின் தெரியாது. போர்வையும் 39-க்கு 52 ஆகும். முக்கோணத் திசை மாறியவற்றை ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். பட்டைக்கு வெளிர் நிறமாக இரண்டு மீட்டர் காட்டன் எடுத்தால் போதும், அதையும் நனைத்துவிட்டே வெட்டுங்கள்.