டான் பேட்ச் ஓடிய 1:55, சாதனையா இல்லையா?

வெள்ளைக்குளம்பு: 1906 செப்டம்பர் 8, மினசோட்டா மாநிலக் கண்காட்சி மைதானம். டான் பேட்ச் என்ற குதிரை, சல்கி எனும் இரு சக்கர இலகு வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு மைலை 1 நிமிடம் 55 விநாடியில் ஓடி முடித்தது. பார்க்கத் திரண்ட கூட்டம் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். ஹார்னஸ் ரேஸிங் எனும் இந்த வண்டிக் குதிரைப் பந்தயத்தில் இதைவிடப் பெரிய நாள் எதுவும் இல்லை என்பேன். ஆனால் அதிகாரபூர்வப் பட்டியலில் அந்த நேரம் இல்லை. வேகம் காட்ட முன்னால் ஓடவிட்ட குதிரையின் வண்டியில் தூசித் திரை கட்டியிருந்ததைக் காட்டி மறுத்துவிட்டார்கள். இது அநியாயம்.

கடிவாளம்: அநியாயம் எங்கே இருக்கிறது நண்பரே? அந்தத் திரை தூசியை மட்டுமா தடுத்தது, எதிர்காற்றையும் சேர்த்துத் தடுத்தது. எதிரிக் குதிரையும் கிடையாது, கடிகாரத்தோடு தனியாக ஓடிய ஓட்டம். உரிமையாளர் சாவேஜ் கால்நடைத் தீவன வியாபாரி. அவர்தான் 1:55 என்று விளம்பரம் செய்து அந்த எண்ணை ஊர் மனதில் பதிய வைத்தார். முந்தைய ஆண்டு லெக்சிங்டனில் இதே குதிரை ஓடிய 1:55¼ முறையாக ஏற்கப்பட்டது. அதை மாற்ற 1938 வரை யாராலும் முடியவில்லை. அந்தப் பெருமை போதாதா?

வெள்ளைக்குளம்பு: தனியாக ஓடியது குறை என்றால் நயட்ராஸ் என்ற குதிரையை என்ன செய்வீர்கள்? 1980 அக்டோபரில் அதே லெக்சிங்டனில் 1:49⅕. அதற்கு முன் இருந்த சாதனை 1:52. ஒரே ஓட்டத்தில் கிட்டத்தட்ட மூன்று விநாடி குறைந்தது! அதுவும் கடிகாரத்தோடு ஓடியதுதான், உடன் விரட்டிவர வேறு குதிரைகளும் இருந்தன. அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்களே.

கடிவாளம்: உடன் வந்தன, முன்னால் போகவில்லை. என் வாதமே அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சக்கரம்: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். உதவி வாங்கிய ஓட்டத்தைத் தள்ளுவதென்றால் 1892-லிருந்து தொடங்க வேண்டும். 1885-ல் மாட் எஸ் என்ற பெண் குதிரை உயரமான சக்கர சல்கியோடு 2:08¾ ஓடியது. ஆறு ஆண்டு கழித்து சுனால் அதில் குறைத்தது அரை விநாடிதான். அப்புறம் காற்றடைத்த டயரும் பால் பேரிங்கும் வைத்த தாழ்ந்த சல்கி வந்தது. அந்த 1892-லேயே நான்சி ஹாங்க்ஸ் 2:04. அந்த நாலு விநாடியில் குதிரையின் பங்கு எவ்வளவு, சக்கரத்தின் பங்கு எவ்வளவு? நான்சி ஹாங்க்ஸின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கு மிகப் பிடித்த குதிரையே அதுதான்.

கடிவாளம்: நல்ல கேள்வி. ஆனால் புதிய சல்கியை எல்லாருமே வாங்கி ஓட்டலாம். முன்னால் திரை கட்டிய வண்டி ஓடும் பந்தயம் எங்காவது உண்டா? 2022-ல் மெடோலேண்ட்ஸ் பந்தயத் திடலில் புல்டாக் ஹனோவர் என்ற குதிரை 1:45⅘ ஓடியது, போட்டிக் குதிரைகள் நடுவே. நான் மதிக்கும் மைல் அது.

வெள்ளைக்குளம்பு: சரி, திரை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். பட்டியலில் 1:55¼ என்றே இருக்கட்டும். ஆனால் பந்தயங்களில் ஒருமுறைகூடத் தோற்காத குதிரை டான் பேட்ச். பிறகு மற்ற உரிமையாளர்கள் எதிரே குதிரை இறக்கவே தயங்கினார்கள். அதனால்தான் கடிகாரத்தோடு ஓடியது. எதிரி இல்லை என்று மட்டும் அதன்மேல் குற்றம் சொல்லாதீர்கள்.

கடிவாளம்: அதை ஏற்கிறேன். எதிரி இல்லை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். திரையைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கிறது.