ஜயண்ட் செக்கோயா (கலிபோர்னியாவின் மாபெரும் ஊசியிலை மரம்) நாற்று வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாரல்:
விதைகளை ஈரத்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்தது, முளைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு இன்னும் மனதை அரிப்பது அந்த ஒரு காலை. முந்தின இரவு தட்டு நிறைய நாற்றுகள், சிவந்த தண்டின் உச்சியில் நாலைந்து வித்திலைகளை விரித்து நின்றன. விடிந்து பார்த்தால் பாதி சாய்ந்து கிடக்கின்றன. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நூலாக இளைத்திருந்தது, விரல் பட்டதும் அறுந்தது. நாற்றழுகல். பச்சை மாறாமலே செத்துப் போனதுதான் தாங்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

சியரா_சிவா:
மட்கு உரம் கலந்த மண்ணா? அப்படியென்றால் பூஞ்சை வரத்தான் செய்யும். 2021 காட்டுத்தீக்குப் பிறகு கலிபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில், நெருப்பு மிதமாகப் போன ஒரு சரிவில், கரியும் சாம்பலுமாக இருந்த மண்ணில் விரல் நீளக் கன்றுகளைப் பார்த்தேன். மேலே கருகிய பெருமரம், கீழே அதன் குழந்தைகள். சூட்டில் காய்கள் விரிந்து விதை கொட்டுகிறது, சருகு எரிந்து வெறும் மண் தெரிகிறது. அதற்கு வேண்டியது அதுதான். அதனால் பெர்லைட் (தண்ணீர் தேங்காமல் வடிய மண்ணில் கலக்கும் வெள்ளைக் குறுணை), மணல் கூடுதலாகக் கலந்து, புது மண்ணில் விதையுங்கள். தண்ணீரைக் கீழிருந்து விடுங்கள். மேல்மண் கொஞ்சம் காயட்டும், ஆனால் வேர் காயக்கூடாது, காட்டில் முதல் கோடையிலேயே பெரும்பாலானவை வறட்சியில்தான் போகின்றன. காற்றோட்டத்துக்குச் சின்ன ஃபேன் வையுங்கள். ஆழமான தொட்டி வாங்குங்கள். வெயிலுக்கு மெல்ல மெல்லப் பழக்குங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைக்காதீர்கள், அதற்குக் குளிர் தேவை.

கென்ட்_தோட்டம்:
சிவா, சாம்பல் இல்லாமல் வளராது என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். இங்கே இங்கிலாந்தில் 1853 முதல் நட்டு வருகிறார்கள், தீயே பார்க்காத மரங்கள் வானத்தைத் தொட நிற்கின்றன. சாரல் கேட்டது தொட்டி வாங்கும் யோசனையும் இல்லை.

எனக்கு நடந்தது வேறு. வாங்கி வந்த கன்று மூன்றாம் குளிர்காலத்தில் வெண்கல நிறமாகிவிட்டது. போச்சு என்று பிடுங்கப் போனேன். தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை! குளிரில் இளங்கன்று அப்படி நிறம் மாறுமாம், விட்டுவிட்டேன். வசந்தத்தில் நுனியெல்லாம் நீலப்பச்சை.

சாரல்:
மிஞ்சியதில் ஒன்றுக்கு இப்போது அதே நிறம்தான். இன்றே கீறிப் பார்க்கிறேன்.