ஓசிப் பொருளில் செய்த வேலைகள்: மனதை விட்டுப் போகாத ஒரு தருணம்

மண்புழு:

பேலட் பலகை, அதாவது சரக்கு ஏற்றி வைக்கும் மரத்தட்டின் பலகை பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிடங்குக்குப் பின்னால் குவித்துப் போட்டிருந்தார்கள், காவலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். கீரைப் பெட்டி செய்வதாகத் திட்டம். கடப்பாரையால் நெம்பினால் பலகை பிளந்துவிடும் என்பதால் இடுக்கில் ரம்பத்தை விட்டு ஆணிகளையே அறுத்தேன். பக்கக் கட்டைகளில் கோதுமைக் கதிர் முத்திரையும் எச்.டி. (HT) என்ற எழுத்தும் தெளிவாக இருந்தன. அதாவது மரத்தின் மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய மரம். எம்.பி. (MB) என்று இருந்தால் பூச்சி கொல்ல மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு பிடித்தது. அப்படிப்பட்டதை நான் வீட்டுக்கே கொண்டுவர மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. ஒரு பலகையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. நல்ல மரம், இழைப்புளி போட்டால் போய்விடும் என்று சுவரோரம் சாய்த்து வைத்தேன். இரவு மழை. காலையில் அந்தப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்கும் வாடை. டீசல் என்றும் சொல்ல முடியவில்லை, பூச்சிமருந்து என்றும் சொல்ல முடியவில்லை. காய்ந்திருந்தவரை ஒன்றுமே தெரியவில்லை, நனைந்ததும் கிளம்பிவிட்டது. மரத்துக்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான் முத்திரை சொல்கிறது. அதன்மேல் எதை ஏற்றினார்கள், எது கொட்டியது என்று யார் சொல்வது? அந்தப் பலகையைக் கழித்துவிட்டேன். ஆனால் அதை ஒட்டிக் கிடந்த மற்றப் பலகைகள்? ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் தெளித்து முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. இருந்தும் மண்ணும் கீரையும் அவற்றைத் தொட வேண்டாம் என்று, தொட்டிகள் வைக்கும் அலமாரியாக அடித்துவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

உப்புத்தாள்:

எனக்கு ஆளிவிதை எண்ணெய்த் துணி. பழைய முக்காலியைத் தேய்த்து முடித்து, தங்கை எண்ணெய் பூசினாள். மிஞ்சியதைத் துடைத்த துணியைச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து வாளியை நகர்த்தியபோது துணி கையில் பட்டது. சூடு. வெயில் எட்டாத மூலை அது, பக்கத்தில் அடுப்பும் இல்லை. விரித்துப் பார்த்தால் நடு மடிப்பில் விரல் வைக்க முடியவில்லை, லேசாகப் புகை வாசனை வேறு. உடனே தண்ணீரில் அமுக்கினேன்.

இந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். மேசைமேல் பூசினால் அது காற்றில் போய்விடுகிறது. சுருட்டிய துணிக்குள் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். துணியை வெளியே கொடியில் மடிக்காமல் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். எண்ணெய் டப்பாவில் இதைப் பொடி எழுத்தில் ஓர் ஓரத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் இரவு அப்படியே தூங்கப் போயிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இன்னும் எழுந்துபோய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.

செம்பருத்தி:

தொட்டிக்கு அடியில் ஜல்லி போடச் சொல்லும் எல்லாருக்கும் இதைக் காட்ட வேண்டும்.

பெரிய பெயின்ட் வாளியில் ரோஜா. அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லி, மேலே மண்கலவை, எல்லாரும் சொல்வதுபோலத்தான். துவாரங்களும் தாராளம். ஆனாலும் இலை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. உரம் போதவில்லை என்றார்கள், சத்துக் குறை என்றார்கள். ஒருநாள் வாளியைக் கவிழ்த்தேன். ஜல்லி உலர்ந்து கிடக்கிறது, அள்ளினால் தூசி பறக்கிறது. அதற்கு நேர் மேலே மண் கறுத்து, சேறாகி, புளித்த நாற்றம். வேர்கள் அந்தச் சேறு வரை வந்து அழுகி நின்றிருந்தன. தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கவே இல்லை!

மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இருக்கும் பெரிய இடைவெளிகளுக்கு அதை இழுக்கும் சக்தி கிடையாது. மேல்மண் முழுக்க ஊறி, இனித் தாங்காது என்ற நிலை வந்தபிறகுதான் சொட்டும். ஆகவே ஜல்லி போட்டால் ஈரம் தேங்கும் அடுக்கு மறைவதில்லை, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. இதைப் பல ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கைவேலை:

செம்பருத்தி அக்கா, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலகாலமாக ஓட்டுச்சில்லு போட்டுத்தான் வளர்க்கிறேன், செடிகள் நன்றாகவே இருக்கின்றன. சில்லு போடாவிட்டால் மண் துவாரத்தை அடைத்துவிடும். உங்கள் மண்கலவையில்தான் களிமண் அதிகம் இருந்திருக்கும்.

என் அனுபவம் சிமெண்ட் தொட்டி. தோழி வீட்டில் இரண்டு பழைய டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து வார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய மகன் ஆசையாக வெறுங்கையால் பிசைந்தான், நாங்களும் சிரித்துக்கொண்டே பார்த்தோம். ராத்திரி அழுகை. விரலிடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல். படும்போது வலிக்காது, பிறகுதான் தெரியும். ஆகவே ரப்பர் கையுறை கட்டாயம். கையுறைக்குள் கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தோலோடு ஒட்டி வைத்ததுபோல ஆகிவிடும். தூளைக் கொட்டும்போது முகமூடி. அச்சாக வைக்கும் டப்பாக்களில் கலவை படும் பக்கமெல்லாம் எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் கழற்ற முடியாது. துவாரத்துக்கு ஒரு குழாய்த் துண்டை வார்க்கும்போதே நிற்க வைத்துவிடுங்கள், பிறகு துளையிட்டால் விரிசல் விடும். தண்ணீரைக் குறைவாக ஊற்றுங்கள். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், ஒழுகக்கூடாது. அதிகத் தண்ணீர் ஊற்றினால் வேலை சுலபம், தொட்டி பலவீனம். அச்சைக் கழற்றியதும் வெயிலில் வைக்காதீர்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. ஈரச் சாக்கும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளும் சுற்றி ஒரு வாரமாவது வையுங்கள். பலத்தைக் கணக்கிடும் வழக்கமே 28 நாளுக்குத்தான். அதன்பிறகும் நேராகச் செடி வைக்க வேண்டாம், தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி சுண்ணாம்பை வெளியேற்றுங்கள். அமில மண் கேட்கும் செடிகளுக்கு இந்தத் தொட்டியே வேண்டாம்.

நீர்த்துளி:

நான் மழைநீர் டிரம் வைத்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். 200 லிட்டர் நீல டிரம், பழைய கட்டில் சட்டத்தில் அடித்த உயரமான ஸ்டாண்ட், கூரைத் தாழ்வாரத்திலிருந்து குழாய். பார்க்க அழகாக இருந்தது. சாயங்காலம் நல்ல மழை. ஜன்னலருகே உட்கார்ந்திருந்தபோது டக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. ஸ்டாண்டின் முன்கால் இரண்டும் மெல்ல விலகிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே அவர்கள் வீட்டுப் பாப்பா காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தாத்தா ஓடிப்போய்த் தூக்கினார். டிரம் விழவில்லை, குழாயைத் திறந்துவிட்டோம். ஆனால் அந்த டக் சத்தம் என் காதிலேயே இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பத்து சதுர மீட்டர்க் கூரைக்கு 20 மில்லிமீட்டர் போதும், ஒரே மழையில் டிரம் நிரம்பிவிடும். காலி டிரம்மை ஏற்றி ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்டாண்ட் உறுதி என்று சொல்வதைத்தான் எல்லா இடத்திலும் பார்க்கிறேன்.

மண்புழு, நீங்கள் பலகைக்குச் சொன்னது டிரம்முக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் தன்னுள் இருந்த ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை நான் வாங்குவதே இல்லை.

செம்பருத்தி:

கைவேலை அண்ணா, துவாரத்தின் மேல் ஒரு சில்லைக் கவிழ்த்து வைப்பது வேறு, நான்கு விரல் உயரத்துக்கு அடுக்குவது வேறு. முதலாவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கொசுவலைத் துண்டு ஒன்றை விரித்தாலும் அதே வேலை நடக்கும்.

களிமண் என்றீர்கள். பாதிக்குமேல் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மட்கு உரமும்தான் இருந்தன. பாத்திரம் கழுவும் நுரைப்பஞ்சை எடுத்து ஒருமுறை செய்து பாருங்கள். நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் உள்ளங்கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். பஞ்சு அதேதான், துளைகளும் அவைதான், உயரம்தான் கூடியிருக்கிறது. அடியில் ஈரம் தேங்கும் பட்டையின் தடிமன் ஏறக்குறைய மாறாது, ஆகவே மண்ணின் உயரம் கூடினால் அதற்கு மேலே வேருக்குக் காற்றோட்டமான இடம் கூடுகிறது. ஜல்லி போடும்போது அந்த உயரத்தைத்தான் இழக்கிறோம். உங்கள் செடிகள் நன்றாக இருப்பது உங்கள் கைப்பக்குவத்தால். சில்லு அடுக்கை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

சருகு:

சண்டை நல்ல சண்டை, ஆனால் நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன்.

உதிர்ந்த இலையும் வெட்டிய புல்லும் சேர்த்துக் குவித்த மட்குக் குவியல், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கும். விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், உங்கள் தோட்டத்தில் புகை என்று. கையில் வாளித் தண்ணீரோடு நிற்கிறார். போய்ப் பார்த்தோம். குவியலின் உச்சியிலிருந்து வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது, நீராவி. குவியலில் செருகி வைத்திருந்த இரும்புக் கம்பியை உருவி அவர் கையில் கொடுத்தேன். அவர் உடனே விட்டுவிட்டார். நெருப்பில்லாமல் இவ்வளவு சூடா என்று அவர் கேட்ட முகத்தை மறக்க முடியாது. நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும் சூடுதான் அது, 55, 60 டிகிரி வரை போகும். களைவிதை சாவதும் அந்தச் சூட்டில்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வாளியில் மட்கு போடுகிறவர்கள் எனக்குச் சூடே வரவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். வராது. சின்ன அளவு தன் சூட்டைத் தாங்கி வைக்க முடியாது. மட்கும், மெதுவாக மட்கும். அந்த உரத்தில் போட்ட தக்காளியின் விதைகள் சாகாமல் தொட்டிக்குத் தொட்டி முளைக்கும், அவ்வளவுதான். அமோனியா நெடி அடித்தால் காய்ந்த சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, கிளறிவிடுங்கள்.

புதுக் கடப்பாரை:

நீர்த்துளி அக்கா, டிரம் ஸ்டாண்ட் பற்றிப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டு டிரம்மைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மரத்தில்தான் அடித்திருக்கிறோம். பிரித்துவிடவா?

நீர்த்துளி:

முதலில் பாதித் தண்ணீரை இறக்கிவிடுங்கள் தம்பி. அப்புறம் குனிந்து, குறுக்குக் கட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது காலின் தலைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். காலின் பக்கத்தில் ஒட்டி ஸ்க்ரூவில் தொங்கினால், முழுப் பாரமும் அந்த ஸ்க்ரூக்களில்தான். நான் சொன்ன ஸ்டாண்ட் அப்படித்தான் இருந்தது. கால்களுக்கு இடையே மூலைவாட்டில் ஒரு கட்டையும் அடியுங்கள், அது இல்லாமல் பக்கவாட்டு ஆட்டம் நிற்காது.

உண்மையில் உயரமே தேவையில்லை. ஒரு மீட்டர் உயர்த்தினாலும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், பூவாளி நிரப்ப அது வேண்டாம். சமதளத்தில் கனமான சிமெண்ட் கற்களைப் பூவாளி குழாய்க்கு அடியில் நுழையும் உயரத்துக்கு மட்டும் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். நிரம்பினால் வழிய மேலே தனிக் குழாய் ஒன்று, அதன் வாயிலும் டிரம் வாயிலும் கொசுவலை. கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கு பரப்பும் கொசு தண்ணீர் விளிம்புக்கு மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் டிரம் காலியாகும்போது உள்சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி நிரப்புங்கள். இன்றைக்குத் தண்ணீரை இறக்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.