கீழே விழுந்த ரிவால்வர், முன் சைட் சாய்ந்துவிட்டது: வீட்டிலேயே நிமிர்த்தலாமா?

கேள்வி

வணக்கம். உரிமத்தோடு வைத்திருக்கும் பழைய .38 ரிவால்வர், நான்கு அங்குல பேரல். இலக்குப் பயிற்சிக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். அலமாரியிலிருந்து பெட்டியோடு நழுவி விழுந்ததில் முனை தரையில் இடித்துவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால், குறி பார்க்கப் பேரல் முனையில் நிற்கும் தகடான முன் சைட்டின் உச்சி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அளவு பெரிதில்லை, ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். பின் சைட் ஃபிரேமிலேயே, அதாவது ரிவால்வரின் உடல்சட்டத்திலேயே, வெட்டிய பள்ளம், அதை நகர்த்த வழியில்லை. பிளையரால் பிடித்து வளைத்தால் சரியாகிவிடுமா? உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கருநீலப் பூச்சும் நன்றாக இருக்கிறது, அதைக் கெடுக்க மனமில்லை.

பதில்

பிளையரைக் கீழே வையுங்கள் தம்பி. முதலில் சிலிண்டரைத் திறந்து, தோட்டா எல்லாவற்றையும் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஒவ்வொரு குழியையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். வேலையை நிறுத்திவிட்டு மறுபடி கையில் எடுக்கும்போதெல்லாம் இதையே திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது, வளைந்தது சைட் மட்டும்தானா? முனையில் அடி வாங்கிய ரிவால்வரில் பேரலும் வளைந்திருக்கலாம், சிலிண்டரைத் தாங்கும் கையும் பிசகியிருக்கலாம். சிலிண்டரைத் திறந்து பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கட்டும். முனை வழியாக உள்ளே பாருங்கள். நேரான பேரலில் நிழல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் தெரியும். ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் பேரலே வளைந்திருக்கிறது. அப்படியானால் சுடவே கூடாது. நேராக உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அப்புறம் சிலிண்டரை மூடி மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது உரசுகிறதா, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகன்று தெரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சைட் பேரலோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது? பக்கவாட்டில் சிறு வட்டமாகக் குறுக்கு ஆணி தெரிந்தால் அது தனித் தகடு. அதை நிமிர்த்துவதைவிட மாற்றிவிடலாம். அடியில் வேறு நிற உலோகக் கோடு ஓடினால் பற்றவைத்தது.

கேட்டவர்

நன்றி அண்ணா. நிழல் வளையங்கள் ஒரே மையத்தில்தான் இருக்கின்றன. சிலிண்டர் உரசாமல் சுற்றுகிறது, இடைவெளியும் ஒரே சீர். குறுக்கு ஆணி இல்லை, கோடும் இல்லை. பேரலும் சைட்டும் ஒரே இரும்பில் கடைந்ததுபோல் இருக்கிறது.

மற்றொருவர்

ஒரே இரும்பு என்றால் சின்ன டார்ச்சால் சூடு காட்டினால் இளகும். நிமிர்த்துவது சுலபம்.

பதில்

சூடு வேண்டவே வேண்டாம். இரும்பு வளையும் அளவுக்குச் சூடு ஏற வெகு நேரம் முன்பே அந்தக் கருநீலப் பூச்சு நிறம் மாறிவிடும். பேரல் முனையின் பதமும் கெடலாம். ஒரு மில்லிமீட்டர் சாய்வைக் குளிர்ந்த நிலையிலேயே எடுத்துவிடலாம்.

பேரலை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில்) பிடியுங்கள், ஃபிரேமைப் பிடிக்காதீர்கள். பேரல் ஃபிரேமுக்குள் மரையில் இறங்கியிருக்கிறது. ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு சைட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் அந்த விசை முழுவதும் மரைக்குப் போகும், பேரலே திரும்பிவிடலாம். தாடைகளுக்கு நடுவே கெட்டி மரத்துண்டும் தோலும் வையுங்கள். சிலிண்டரைத் திறந்து ஒதுக்கிவிட்டு, நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பிளையரின் பல் பட்டால் தழும்பு நிச்சயம். அதோடு அது தகட்டின் ஒரு மூலையை மட்டும்தான் பிடிக்கும், மூலை மட்டும் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பதில் இரண்டு பித்தளைத் தகடுகளைச் சைட்டின் இருபக்கமும் வைத்து, முழு நீளமும் பிடிபடும்படி அட்ஜஸ்டபிள் ஸ்பானரை அதன்மேல் இறுக்குங்கள். இப்போது ஸ்பானரின் கைப்பிடியை இடப்பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். இரும்பு கொஞ்சம் இணங்கும், விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும். அந்தத் திரும்பலைக் கணக்கில் வைத்து, மயிரிழை மயிரிழையாகத் தள்ளுங்கள், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஸ்பானரைக் கழற்றிப் பாருங்கள். இடம் தாண்டிப் போய் மறுபடி வலப்பக்கம் தள்ளுகிற நிலை வரக்கூடாது. இரும்பு முன்னும் பின்னும் வளைய வளைய இறுகி, அடியில் விரிசல் விடும். பொறுமைதான் இங்கே முக்கியமான கருவி. சுத்தியல் அடி இந்த வேலைக்கு வேண்டாம்.

நிமிர்ந்த பிறகு அடிப்பகுதியில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சிறிது நேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். துடைத்த இடத்தில் முடிபோல ஒரு ஈரக்கோடு மீண்டும் கசிந்து வந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. அதற்குமேல் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம்.

இன்னொருவர்

ஒரு மில்லிமீட்டர்தானே என்று விடுவோருக்கு ஒரு கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 10 மீட்டரில் பிழை 10,000-ஐ 150-ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 67 மில்லிமீட்டர். 25 மீட்டரில் 167 மில்லிமீட்டர். இலக்கின் நடுவிலிருந்து ஒரு சாண் அளவுக்கு நெருங்குகிறது. திசையையும் மறந்துவிடாதீர்கள்: முன் சைட் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் குண்டு இடப்பக்கம் போகும். சாய்ந்த சைட் உயரத்திலும் கொஞ்சம் குறைந்துவிடும், அதனால் மேலேயும் ஏறும்.

கேட்டவர்

செய்து முடித்தேன். முதலில் அசையவே இல்லை, ஸ்பானரைக் கழற்றிப் பார்த்தால் பழைய இடத்திலேயே நின்றது. அப்புறம் சட்டென்று கையில் ஒரு இணக்கம் தெரிந்தது, அங்கேயே நிறுத்தினேன். அடுத்தடுத்த தள்ளல்களில் நேராகிவிட்டது. எண்ணெய் சோதனையில் கோடு எதுவும் வரவில்லை. ஓரத்தில் மட்டும் பித்தளை மஞ்சளாக ஒரு தீற்று ஒட்டியிருக்கிறது. பூச்சு போய்விட்டதா?

பதில்

இல்லை, அது பித்தளை ஒட்டியதுதான். எண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் தேயுங்கள், வந்துவிடும். உப்புத்தாள் போடாதீர்கள். கீழே வெள்ளை இரும்பு தெரிந்தால் மட்டும், எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க எடுத்துவிட்டுக் சூடில்லாமலே கருநிறம் ஏற்றும் குளிர்ப் பூச்சுத் திரவத்தைத் தொட்டு வையுங்கள்.

இனிச் சுடும் தளத்தில் மணல் மூட்டைமேல் கையை ஊன்றி, 10 மீட்டரில் ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சில குண்டுகள் சுட்டுப் பாருங்கள். தனி ஒரு குண்டை நம்பாதீர்கள், குண்டுகள் பட்ட துளைகளின் கூட்டத்துக்கு நடு எங்கே விழுகிறது என்பதைப் பாருங்கள். அது இன்னும் இடப்பக்கம் இருந்தால் சைட்டை இன்னும் சற்று இடப்பக்கம் தள்ள வேண்டும்.

கேட்டவர்

சுட்டுப் பார்த்தேன் அண்ணா. கூட்டம் நடுவுக்கு இடப்பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளி விழுகிறது, உயரம் சரி. மேலும் வளைக்கவா?

பதில்

ஒரு விரல் என்றால் 15 முதல் 20 மில்லிமீட்டர். மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால் சைட் உச்சியில் கால் மில்லிமீட்டர்தான் மிச்சம். அதை வளைத்து எடுப்பது ஆபத்து, அடிப்பகுதி ஏற்கெனவே ஒருமுறை வேலை பார்த்துவிட்டது. அப்படியே விடுங்கள். வேறு தோட்டா எடை போட்டாலே கூட்டம் கொஞ்சம் இடம் மாறும். பின்னால் எப்போதாவது பழுதுபார்ப்பவரிடம் போகும்போது சொன்னால், சைட்டின் வலப்பக்கத்திலிருந்து துளி அரம் போட்டுச் சரிசெய்து தருவார். வலப்பக்கம் தேய்ந்தால் சைட்டின் நடு இடப்பக்கம் நகரும், கூட்டம் வலப்பக்கம் வரும்.