குழந்தைகள் தொற்றுநோய்த் துறை: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த நம் மருத்துவர்களுக்கு

எம்.டி. முடித்து வந்து இரண்டு மாதம் ஆகிறது, தொற்றுநோய்ப் பிரிவில் சேர வழி என்ன என்று கேட்டிருந்தீர்கள். இங்கே நோயெதிர்ப்பியலும் தொற்றுநோயும் ஒரே துறை. பொதுக் குழந்தை மருத்துவப் பயிற்சியில் இடம் பிடித்து, அதன் முதல் கட்டத்தைக் கடக்கும்போதுதான் இத்துறைப் பயிற்சி இடங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் ‘கிரிட்’ என்ற நாடு தழுவிய போட்டியில் கலந்துகொள்ளலாம். இடங்கள் மிகக் குறைவு. ஆகவே எம்.ஆர்.சி.பி.சி.எச். எனப்படும் குழந்தை மருத்துவத் தகுதித் தேர்வுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் என்னை மாற்றியது தேர்வு அல்ல. வந்த முதல் மாதம், பச்சிளங்குழந்தை ஒன்றுக்குத் தொற்று இருக்கலாம் என்ற ஐயத்தில் பென்சிலினும் ஜென்டாமைசினும் தொடங்கியிருந்தோம். 36 மணி நேரத்தில் இரத்த வளர்ப்புச் சோதனையில் கிருமி ஏதும் வளரவில்லை. குழந்தை நன்றாகப் பால் குடித்தது. “நிறுத்திவிடலாம்” என்றார் மூத்த மருத்துவர். ஐந்து நாள் கொடுத்தே பழகிய எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை குழந்தை கார் இருக்கையில் தூங்கியபடி வீட்டுக்குப் போனது. மருந்தை நிறுத்தவும் பயிற்சி வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

நீங்கள் கற்றுத் தரவேண்டியதும் உண்டு. மூளைக்காய்ச்சல் தடிப்பா என்று பார்க்க, கண்ணாடித் தம்ளரைத் தோலில் அழுத்தி, மறைகிறதா என்று பார்ப்பார்கள். நம் நிறத் தோலில் அது எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், மேலண்ணம் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள். 2015 முதல் இங்கே கைக்குழந்தைகளுக்கு, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள், அதனால் நோய் குறைந்திருக்கிறது. அதற்காகக் கவனம் குறையக் கூடாது.

ஆய்வில் ஆர்வமிருந்தால், டைபாய்டு பார்த்த அனுபவத்தைப் பழைய சுமை என்று எண்ணாதீர்கள். ஐதராபாத்தில் தயாரான டைபாய்டு இணைப்புத் தடுப்பூசியை (கான்ஜுகேட்) ஆக்ஸ்போர்டில் தன்னார்வலர்களுக்குப் போட்டு, பிறகு டைபாய்டு கிருமியையே குடிக்கச் செய்து சோதித்தார்கள். அடுத்து நேபாளம், வங்கதேசம், மலாவி குழந்தைகளிடம் பெரிய ஆய்வுகள் நடந்தன. அந்த ஊர் வார்டுகளைப் போன்ற இடத்திலிருந்துதான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆக்ஸ்போர்டில் இத்துறைக்கென்றே பகுதிநேரப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான இணையவழிப் பயிற்சி, என்.எச்.எஸ். என்ற இங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் ஊழியர்களுக்கு இலவசம். அந்தச் சான்றிதழோடு உங்கள் மருத்துவமனையின் ஆய்வுச் செவிலியரிடம் போய், பெற்றோரிடம் ஒப்புதல் பெறும்போது நானும் உடன் நிற்கலாமா என்று கேளுங்கள்.