நைன் இன்ச் நெய்ல்ஸ் மேடையும் அதிலிருந்து பிரிந்து போனவர்களின் மேடையும்: எந்த அளவுகோலில் ஒப்பிடுவது?

கேள்வி: அல்சூர் வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில் குடியிருக்கும் நாங்கள் ஏழு பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு முன்னறையில் கூடி, ஏதேனும் ஒரு ராக் குழுவின் மேடைப் பதிவை இடையில் நிறுத்தாமல் முழுமையாகக் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். பதிவு ஓடும்போது யாரும் பேசக் கூடாது என்பது மட்டுமே விதி. பேச்செல்லாம் பிறகு காப்பியோடுதான்.

சென்ற மாதம் இயந்திர ஒலிகளையும் மின்னிசையையும் கலக்கும் இண்டஸ்ட்ரியல் ராக்கை எடுத்துக்கொண்டு, நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பதிவாகி 2002இல் வெளிவந்த ‘அண்ட் ஆல் தட் குட் ஹேவ் பீன்’ நிகழ்ச்சியைத் திரையிட்டோம். மேடைக்குப் பின்னால் தொங்கிய மூன்று திரைகளில், காணொளிக் கலைஞர் பில் வயோலா அந்தப் பயணத்துக்காக உருவாக்கிய நீர்க் காட்சிகள் விரிந்தபோது, வழக்கமாக மெல்லிசை மட்டுமே கேட்கும் என் மைத்துனர்கூட நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அது முடிந்த சூட்டோடு, 1989 முதல் 1993 வரை அக்குழுவின் மேடையில் கிட்டார் வாசித்துவிட்டு வெளியேறிய ரிச்சர்ட் பேட்ரிக் தொடங்கிய ஃபில்ட்டர் குழுவின் நிகழ்ச்சி ஒன்றை, யாரோ கூட்டத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த பதிவாகப் போட்டோம். ஒலி மெலிந்திருந்தது, மேடையும் வெறிச்சோடித் தெரிந்தது. “விட்டுப் போனவர்களால் தனியே நிற்க முடியவில்லை” என்று ஒரு நண்பர் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் ஏன் நியாயமில்லை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

வருகிற ஞாயிறன்று இதையே மறுபடியும், முறையாக, செய்யலாம் என்று இருக்கிறோம். எதை எதோடு வைத்துக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: மல்லேஸ்வரம் தாளக்காரர்

வணக்கம். நான் பதினோரு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன். இப்போது வார இறுதிகளில் இந்திராநகர்ப் பக்கம் டிரம்ஸ் வாசிக்கிறேன். உங்கள் நண்பரின் தீர்ப்பு எங்கே பிசகியது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

‘பழைய உறுப்பினர்’ என்ற சொல் இந்தக் குழுவுக்கு மற்றக் குழுக்களைப் போலப் பொருந்துவதில்லை. 1988இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ட்ரென்ட் ரெஸ்னர் தொடங்கிய நைன் இன்ச் நெய்ல்ஸ், ஒலிப்பதிவுக் கூடத்தைப் பொறுத்தவரை மிகப் பெரும்பாலும் ஒற்றை மனிதரின் வேலை. 2016இல் அட்டிகஸ் ராஸ் சேர்க்கப்படும் வரை அதிகாரபூர்வமான நிலை உறுப்பினர் அவர் ஒருவரே. மேடையில்தான் அது ஒரு குழுவாக மாறும். நான்கு ஆண்டுகள் அந்த மேடையில் நின்ற ரிச்சர்ட் பேட்ரிக், 1989ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்பில் வாசித்தது ஒரு பாடலின் முடிவில் நீண்டு இழையும் கிட்டார் ரீங்காரம் மட்டுமே. ஆக, வெளியேறியவர்களில் பலருடைய உண்மையான பங்களிப்பைத் தேட வேண்டிய இடம் மேடைதான். அந்த அளவில் நீங்கள் மேடைப் பதிவுகளை எடுத்துக்கொண்டது சரியான தேர்வு.

நம் கச்சேரி மரபில் இதற்கு நல்ல இணை உண்டு. லால்குடி ஜெயராமன் பெரிய வித்வான்களுக்குப் பக்கவாத்தியமாக வாசித்த பதிவுகளும் இருக்கின்றன, அவரே நடுவில் அமர்ந்து வாசித்த தனிக் கச்சேரிகளும் இருக்கின்றன. இரண்டையும் கேட்டுவிட்டு எதில் அவர் பெரியவர் என்று யாரும் கேட்பதில்லை. பின்தொடரும்போது அடக்கி வைத்திருந்த எது, தனியாக வாசிக்கும்போது வெளியே வருகிறது என்றுதான் கேட்போம். ஃபில்ட்டர் நிகழ்ச்சியையும் அந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம். இதுதான் என் கருத்தில் மையமான விஷயம். நைன் இன்ச் நெய்ல்ஸ் மேடையில், முன்கூட்டியே பதிவு செய்த இயந்திர ஒலிகள் வாசிப்போடு சேர்ந்து ஓடும். தொடக்க காலத்தில் அது ஒலிநாடாவிலிருந்து வந்தது, பிற்பாடு கணினியிலிருந்து. டிரம்மரின் காதுக்குள், வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலி விடாமல் தட்டிக்கொண்டிருக்கும், அவர் அதை விட்டு நகர முடியாது. 2006இல் பதிவான ‘பிசைட் யூ இன் டைம்’ நிகழ்ச்சியில் ஜாஷ் ஃப்ரீஸ் வாசிப்பதைக் கவனியுங்கள்: ஒவ்வொரு அடியும் அந்த இயந்திரத் துடிப்பின் உச்சந்தலையில் விழுகிறது. மனிதக் கை இயந்திரத்தோடு மோதி, தோற்காமல் நிற்பதைப் பார்ப்பதுதான் அங்கே கிடைக்கும் பரவசம்.

ஃபில்ட்டர் போன பாதை நேர் எதிரானது. பேட்ரிக்கும், அவரைப் போலவே ரெஸ்னரோடு வேலை செய்திருந்த பிரையன் லீஸ்காங்கும் சேர்ந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் தாளத்தின் பெரும்பகுதியை இயந்திரமே வாசித்தது. அந்தப் பாடல்களை மேடையேற்றியபோது மாட் வாக்கர் என்ற டிரம்மர் வந்து அமர்ந்தார். அடுத்த ஆண்டே அவரை ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்ற ராக் குழு அழைத்துக்கொண்டது வேறு கதை. முதல் குழுவில் இயந்திரம் மேடைக்கும் கூடவே வந்தது, மனிதர்கள் அதன் மேல் ஏறி வாசித்தார்கள். இரண்டாவது குழுவிலோ இயந்திரத்தின் நாற்காலியில் மனிதர் உட்கார்ந்தார். உங்களுக்கு மெலிவாகவும் வெறுமையாகவும் பட்டதில் ஒரு பகுதி இந்தத் தேர்வின் விளைவு. அதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. பல்லவி திரும்பி வரும்போது வேகம் ஒரு இழை கூடுவதும், கத்தல் முடிந்த பிறகு ஒரு இழை தளர்வதும் கிளிக் ஓடும் மேடையில் கிடைக்காத சுகங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கிளிக்குக்குக் கட்டுப்பட்ட மேடை, எந்த ஊரிலும் எந்த இரவிலும் ஒரே நிகழ்ச்சியாகிவிடும் அபாயம் உண்டு.

மறுமொழி 2: கம்மனஹள்ளி மிக்ஸர்காரர்

தாளக்காரர் அவர்களின் பதிலில் கடைசி வரியைத் தவிர மற்ற அனைத்தோடும் உடன்படுகிறேன். கிளிக் வேகத்தைத்தான் கட்டிப் போடும், நிகழ்ச்சியை அல்ல. 2025இல் தொடங்கிய பயணத்தையே பாருங்கள். அரங்கின் நடுவே தனியாக ஒரு சிறு மேடை போட்டு, அதில் ரெஸ்னர் பியானோவோடு மெல்லத் தொடங்க, பிறகு பெரிய மேடையில் வலைத்திரைக்குப் பின்னால் முழுக் குழுவும் எழ, இடையில் மறுபடியும் சிறு மேடைக்கு வந்து, பாய்ஸ் நாய்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரோடு பழைய பாடல்களை முற்றிலும் மின்னிசையாக வாசித்தார்கள். அதே பயணத்தின் நடுவில் டிரம்மர் இலான் ரூபின் ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவுக்குச் சென்றுவிட, சில மாதங்களுக்கு முன் அந்தக் குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஜாஷ் ஃப்ரீஸ் பல ஆண்டுகளுக்குப் பின் இங்கே திரும்பி வந்தார். அதுவரை ‘முன்னாள்’ பட்டியலில் இருந்தவர் மறுபடியும் மேடையில் வந்து உட்கார்ந்தார்.

அல்சூர் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது ஒலியைப் பற்றி. நீங்கள் ஒப்பிட்டது இரண்டு குழுக்களை அல்ல, இரண்டு மைக்குகளை. 2000ஆம் ஆண்டுப் பதிவில் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்தில் பதிவாகி, பிறகு கூடத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் சமன் செய்யப்பட்டது. கைப்பேசியின் மைக் பேச்சுக் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஸ்பீக்கர் சுவருக்கு முன்னால் நீட்டியவுடன் அது அடித்தொனியைக் கைவிட்டு, உரத்த ஒலியையெல்லாம் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிடும். கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் குரல் உள்ளே அமுங்கி எழும்புவதை நீங்களே அந்தப் பதிவில் கேட்டிருப்பீர்கள். அது பாடகரின் மூச்சுக் குறைவினால் வருவதல்ல.

இன்னொன்று, யார் எந்த வரிசையில் மேடை ஏறினார்கள் என்று பார்க்க வேண்டும். 2023இல் ராப் ஸோம்பி, ஆலிஸ் கூப்பர், மினிஸ்ட்ரி ஆகியோருடன் சென்ற பயணத்தில் ஃபில்ட்டர்தான் நால்வரில் முதலில் வாசித்தது. முதலில் ஏறும் குழுவின் நிலை என்ன என்பதை நான் தொழிலில் பார்த்திருக்கிறேன். ஓராண்டுக்கு முன், நம் ஊரில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில், தொடக்கக் குழுவுக்கு ஒலிச் சரிபார்ப்புக்கு நாற்பது நிமிடம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, ஏற்பாட்டாளர்கள் கடைசியில் கொடுத்தது ஆறு நிமிடம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால் தாமதம் முழுவதும் அந்தப் பிள்ளைகளின் தலையில் விடிந்தது. வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் கிட்டார் வரவே இல்லை. அந்தப் பையன் டிரம்மரின் வலது காலை மட்டும் பார்த்துப் பார்த்து, கண்ணால் தாளம் பிடித்து வாசித்தான். கீழே நின்றவர்கள் ‘தயாராகாமல் வந்துவிட்டார்கள்’ என்று பேசியது என் காதில் விழுந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆகவே ஒரு குழுவை எடைபோடும் முன், அது அன்றைய மேடையின் உரிமையாளரா விருந்தாளியா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு யோசனை. 2009 ஜனவரியில் ரெஸ்னர் தரப்பு, முந்தைய ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகளில் எடுத்த படக்காட்சிகளை, 400 ஜிபிக்கும் மேல், தொகுக்காமல் அப்படியே இணையத்தில் விட்டது. ரசிகர்களே அதைத் தொகுத்து முழு நிகழ்ச்சியாக்கி இலவசமாக வெளியிட்டார்கள். நிறுவன வெளியீடுகளின் மெருகு இல்லாத அந்தத் தொகுப்பைப் போட்டால், எதிரில் வைக்கும் ஃபில்ட்டர் பதிவுக்குக் கொஞ்சமாவது நீதி கிடைக்கும்.

மறுமொழி 3: ஃபிரேசர் டவுன் வாசகி

அண்ணன்மார் இருவரும் சொன்னதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் தேடும் ஒப்பீடு ஒரே மேடையில், ஒரே இரவில், ஒரே ஒலியமைப்பில் நடந்திருக்கிறது. நான் அங்கே இருந்தேன்.

வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் கிளீவ்லாந்தில் இருந்தேன். அந்த ஊர் என்றாலே நம் வீடுகளில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். என் அம்மாவும் அதைப் பற்றித்தான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். 2022 செப்டம்பர் 24 அன்று நான் போனதோ ஊருக்குத் தெற்கே, கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ராவின் கோடைகால இல்லமான பிளாசம் அரங்குக்கு. மினிஸ்ட்ரி, நிட்சர் எப் என்ற இரு குழுக்களும் முதலில் வாசித்தன. எனக்குக் கிடைத்தது கூரைக்கு வெளியே, சரிவான புல்தரையில் இடம். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்ததால் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் கேட்டேன்.

நிகழ்ச்சியின் பிற்பகுதியில் ரிச்சர்ட் பேட்ரிக், கிறிஸ் வ்ரென்னா, சார்லி கிளவுசர், டேனி லோனர் ஆகிய நால்வரும் மேடைக்கு வந்தார்கள். 1994இல் வுட்ஸ்டாக் இசை விழாவின் மேடையில் நைன் இன்ச் நெய்ல்ஸுக்காக உடல் முழுக்கச் சேற்றோடு வாசித்தவர்கள் இவர்களில் இருவர். இன்னொருவர் பின்னாளில் திரைப்படங்களுக்கு இசையமைத்துப் பெயர் பெற்றவர். பிறகு நடந்ததுதான் முக்கியம். நைன் இன்ச் நெய்ல்ஸ் மேடையில், அந்தக் குழுவே பின்னணி வாசிக்க, பேட்ரிக் தன் ஃபில்ட்டர் குழுவின் புகழ்பெற்ற முதல் பாடலான ‘ஹே மேன் நைஸ் ஷாட்’டைப் பாடினார். தலைவர் பக்கவாத்தியக்காரராகவும் பக்கவாத்தியக்காரர் தலைவராகவும் மாறிய அந்தச் சில நிமிடங்களில் என் பக்கத்தில் நின்ற நடுவயதுப் பெண் அழுதுகொண்டே பாடினார்.

இனி என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். அந்தப் பாடல் அன்று மிகப் பெரிதாக ஒலித்தது. ஆனாலும் ஃபில்ட்டரின் சொந்த மேடையில் அதற்கு இருக்கும் ஒரு பதற்றம் அன்று இல்லை. தொடக்கத்தில் பேஸ் கிட்டார் தனியாக ஊர்ந்து வரும்போது, அடுத்து என்ன வெடிக்கப் போகிறதோ என்ற பயத்தைத் தருவது அதைச் சுற்றியுள்ள வெறுமைதான். பிளாசத்தில் அத்தனை பேர் மேடையில் நின்றதால் அந்த வெறுமை நிரம்பிவிட்டது. அல்சூர் நண்பர் குறையாகச் சொன்ன அதே வெறிச்சோடிய மேடையை, அந்தப் பாடலின் உயிர் என்று நான் சொல்வேன்.

அல்சூர் வாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பரிடம் சொல்ல வேண்டிய பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு, மிக்ஸர்காரர் சொன்ன ரசிகர் தொகுப்பிலிருந்து அரை மணி நேரமும், ஃபில்ட்டர் தானே தலைமைக் குழுவாக நின்று வாசித்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அரை மணி நேரமும் கேட்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். பிளாசம் பாடலைக் கடைசியில் போடலாமா, முதலிலேயே போட்டுவிடலாமா என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சியாக இருக்கிறோம்.

ஃபிரேசர் டவுன் வாசகி

கடைசியில் போடுங்கள், அதற்கு முன் அதே பாடலை ஃபில்ட்டரின் சொந்த மேடையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கைப்பேசியில் எடுத்தவர்களில் பலர் அந்த பேஸ் தொடக்கத்தைத் தவறவிட்டு, கிட்டார் வெடித்த பிறகுதான் பதிவையே தொடங்கியிருக்கிறார்கள். தொடக்கம் முழுமையாக உள்ள பதிவா என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.